கொச்சியில் ஒரு வாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூணாறுக்கோ ஆலப்புழைக்கோ போகிற வழியில் கொச்சியில் அரை நாள் இறங்கி, சீன வலைக்கு முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவதுதான் நம் பக்கத்து வழக்கம். நானும் இரண்டு முறை அப்படித்தான் போய் வந்தேன். மூன்றாவது முறை அம்மாவை அழைத்துக்கொண்டு போய் ஏழு நாள் ஃபோர்ட் கொச்சியிலேயே தங்கினேன். வந்ததிலிருந்து சொந்தக்காரர்களும் நண்பர்களும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

ஒரு ஊரைப் பார்க்க ஏழு நாளா? இரண்டு நாள் போதாதா?

கட்டடங்களை மட்டும் பார்ப்பதென்றால் இரண்டு நாள் போதும். ஆனால் கொச்சியில் பார்க்க வேண்டியவர்கள் மனிதர்கள். கப்பலில் வந்து இறங்கியவர்கள், வியாபாரம் செய்தவர்கள், திரும்பிப் போகாமல் இங்கேயே தங்கிவிட்டவர்கள் என்று இவர்கள் சேர்ந்துதான் இந்த ஊரை உண்டாக்கியிருக்கிறார்கள். அவர்களின் பேரன் பேத்திகள் இன்னும் அதே தெருக்களில்தான் கடை வைத்திருக்கிறார்கள், துணி தேய்க்கிறார்கள், மீன் விற்கிறார்கள். அவசரமாகப் போனால் அவர்கள் கண்ணில் படமாட்டார்கள். ஒரே தெருவில் காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை நடக்க நேரம் இருந்தால்தான் ஊர் நம்மிடம் பேச ஆரம்பிக்கும்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் உதவும். 1341-ல் பெரியாற்றில் வந்த வெள்ளம் பழைய முசிறித் துறையைத் தூர்த்துவிட்டு, தெற்கே கொச்சியில் கடலுக்குப் புது வாய் திறந்துவிட்டது என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். 1500-ல் போர்த்துகீசியர்கள் வந்தார்கள். 1663-ல் டச்சுக்காரர்கள் அவர்களைத் துரத்தினார்கள். 1795-ல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கொச்சி மன்னர் இவ்வளவுக்கும் நடுவே அரண்மனையில் இருந்துகொண்டேதான் இருந்தார்.

எந்த மாதம் போகலாம்?

டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை கொட்டும். மழையை ரசிக்கிறவர்களுக்கு அதுவும் நல்ல காலம்தான், ஆனால் நடக்க முடியாது. மார்ச் முதல் மே வரை வெயிலைவிடப் புழுக்கம் ஆளை வாட்டிவிடும்.

டிசம்பர் 31-ஐ மட்டும் யோசித்து முடிவு செய்யுங்கள். அன்று நள்ளிரவு ‘பப்பாஞ்ஞி’ என்ற பெரிய கிழவர் பொம்மையை எரித்துப் புத்தாண்டை வரவேற்பார்கள். கொண்டாட்டம் அமர்க்களமாக இருக்கும், ஆனால் அந்தக் கூட்டத்தில் வயதானவர்களையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு நிற்க முடியாது. இன்னொன்று, 2012-ல் தொடங்கிய கொச்சி-முசிறிஸ் பினாலே என்ற கலைக் கண்காட்சி நடக்கிற பருவமாக இருந்தால் பழைய கிடங்குகளுக்குள்ளெல்லாம் நுழைந்து பார்க்கலாம். அதற்காகவே தேதியை மாற்றிக்கொள்ளலாம்.

தங்குவது எர்ணாகுளத்திலா, ஃபோர்ட் கொச்சியிலா?

ஃபோர்ட் கொச்சியில். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. எர்ணாகுளம் என்பது ரயில் நிலையம், ஜவுளிக்கடை, மெட்ரோ எல்லாம் இருக்கிற இன்றைய நகரம். பழைய துறைமுக ஊர் தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. எர்ணாகுளத்தில் அறை போட்டால் தினமும் போக வரவே இரண்டு மணி நேரம் போய்விடும். முக்கியமாக, காலை ஆறு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் ஃபோர்ட் கொச்சித் தெருக்கள் எப்படி இருக்கும் என்பது தெரியாமலே போய்விடும்.

ஹோம்ஸ்டேக்கள் நிறைய இருக்கின்றன. வீட்டுக்காரர்களே மாடியில் இரண்டு மூன்று அறை வைத்து நடத்துவார்கள். மாடிப்படி எவ்வளவு செங்குத்து என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பழைய வீடுகளில் மரப்படி ஏணி மாதிரி இருக்கும். அம்மாவுக்காக நாங்கள் கீழ்த்தள அறை கேட்டு வாங்கினோம்.

ரயிலில் இறங்கி எப்படிப் போவது?

எர்ணாகுளத்தில் இரண்டு நிலையங்கள்: ‘சவுத்’ என்கிற ஜங்ஷன், ‘நார்த்’ என்கிற டவுன். சவுத்தில் இறங்கினால் படகுத்துறை பக்கம். டாக்சியிலும் போகலாம், பாலம் வழியாகச் சாலை இருக்கிறது. ஆனால் முதல் தடவை தயவுசெய்து படகில் போங்கள். துறைமுக ஊருக்குள் தண்ணீர் வழியாக நுழைவதற்கும் பின்வாசல் வழியாக டாக்சியில் நுழைவதற்கும் அவ்வளவு வித்தியாசம் இருக்கிறது.

படகில் இரண்டு வகை. மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் சாதாரணப் படகுக்குக் கட்டணம் மிகக் குறைவு, வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் அதில்தான் போகிறார்கள். 2023-ல் தொடங்கிய வாட்டர் மெட்ரோ ஏசி வசதியுள்ள மின்சாரப் படகு, உயர் நீதிமன்றப் படகுத்துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்குப் போகிறது. பெட்டி படுக்கையோடு போகும்போது வாட்டர் மெட்ரோ சௌகரியம். சும்மா போய் வர எனக்குச் சாதாரணப் படகுதான் பிடிக்கும், ஜன்னலோரம் காற்று முகத்தில் அடிக்கும்.

சீன வலை உண்மையிலேயே சீனாவிலிருந்து வந்ததா?

மலையாளத்தில் ‘சீனவல’ என்றுதான் சொல்கிறார்கள். சீனக் கடலோடிகள் விட்டுப் போனது என்பது ஊர்க்கதை. சீனக் கரையிலுள்ள மக்காவ் நகரில் இருந்த போர்த்துகீசியர்கள் கொண்டுவந்தார்கள் என்று சொல்கிறவர்களும் உண்டு. வலையின் பாகங்களுக்கு மீனவர்கள் வழங்கும் பெயர்களில் போர்த்துகீசியச் சொற்கள் இருப்பதை அவர்கள் சான்றாகக் காட்டுகிறார்கள். எது சரியானாலும், அது வேலை செய்கிற விதத்தை அரை மணி நேரம் நின்று பாருங்கள்.

பெரிய தேக்கு மரங்களைக் கட்டி எழுப்பிய சட்டத்தின் ஒரு முனையில் வலை, மறு முனையில் கயிறு கயிறாகத் தொங்கும் பாறாங்கற்கள். ஒருவர் நடு மரத்தின் மேல் ஏறி வலையை நோக்கி நடக்கிறார். அவர் எடைக்கே அந்தப் பெரிய வலை மெல்லத் தண்ணீருக்குள் இறங்கிவிடுகிறது. கொஞ்ச நேரம் விட்டு நாலைந்து பேர் சேர்ந்து கயிற்றை இழுக்கிறார்கள். வலை மேலே வர வர, கற்கள் ஒவ்வொன்றாகக் கீழே பலகையில் உட்காருகின்றன. எல்லாக் கயிறும் ஒரே நீளம் இல்லை என்பது அப்போதுதான் தெரியும். வலை ஏறும்போது எடைச் சமநிலை மாறிக்கொண்டே போகும் இல்லையா, அதற்கு ஏற்றபடி ஒவ்வொரு கல்லாகத் தரையிறங்கும்படி கயிற்றை அளந்து கட்டியிருக்கிறார்கள். இதைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவரை நினைத்துக் கைகூப்பத் தோன்றியது எனக்கு.

பல சமயம் மேலே வருவது ஒரு கை அளவு மீன்தான். நம்மையும் கயிறு இழுக்கக் கூப்பிடுவார்கள், முடிந்ததும் பணம் எதிர்பார்ப்பார்கள். மனதாரக் கொடுங்கள். அந்த மரங்களைப் பராமரிக்கவே அவர்களுக்குப் பெரும் செலவு.

பக்கத்திலேயே காலையில் மீன் ஏலம் நடக்கும். மலையாளத்தில் அதற்கு ‘லேலம்’. போர்த்துகீசியச் சொல்லான ‘லெய்லாவ்’தான் அங்கே லேலமாகவும் நம்மிடம் ஏலமாகவும் ஆகியிருக்கிறது. ஜன்னல், சாவி, அலமாரி, மேசை எல்லாம் அதே கப்பலில் வந்த சொற்கள். எங்கோ படித்து மறந்துபோன இந்த விஷயம், மீன்கூடைகளுக்கு நடுவே நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டபோதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

வாஸ்கோ ட காமாவின் கல்லறை அங்கேதான் இருக்கிறதா?

இருந்தது. அவர் 1524 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கொச்சியில் இறந்து, புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் அடக்கமானார். பதினைந்து ஆண்டுகள் போலக் கழித்து எலும்புகளை எடுத்துப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது இருப்பது இடத்தைக் காட்டும் கல் மட்டும். நான் அந்தக் கல்லைவிடச் சுவர்களைத்தான் அதிக நேரம் பார்த்தேன். வடக்குச் சுவரில் போர்த்துகீசியக் கல்லறைப் பலகைகள், தெற்குச் சுவரில் டச்சுப் பலகைகள். சண்டை போட்டுக்கொண்டவர்கள் எதிரெதிராக நிற்கிறார்கள். மேலே நீளத் துணி விசிறிகள் தொங்கும். அந்தக் காலத்தில் வெளியே ஆள் உட்கார்ந்து கயிற்றால் இழுப்பார்களாம்.

மட்டாஞ்சேரி அரண்மனை, யூத ஆலயம் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாமா?

பார்க்கலாம், இரண்டும் ஃபோர்ட் கொச்சியை ஒட்டிய மட்டாஞ்சேரியில் பக்கத்துப் பக்கத்தில்தான். ஆனால் கிழமை முக்கியம். அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. யூத ஆலயத்தில் வெள்ளி, சனி இரண்டு நாளும் பார்வையாளர்களுக்கு அனுமதி கிடையாது, யூதப் பண்டிகை நாட்களிலும் கிடையாது. நான் இதைக் கவனிக்காமல் வெள்ளிக்கிழமை காலையில் அம்மாவை வெயிலில் கூட்டிக்கொண்டு போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். ஞாயிறு முதல் வியாழன் வரை ஒரு நாளை இதற்கென்று ஒதுக்குங்கள்.

அரண்மனையை டச்சு அரண்மனை என்பார்கள். 16-ம் நூற்றாண்டின் நடுவில் போர்த்துகீசியர்கள் கட்டிக் கொச்சி மன்னருக்குக் கொடுத்தது, டச்சுக்காரர்கள் பின்னால் பழுது பார்த்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண ஓட்டுக் கட்டடம். உள்ளே மன்னரின் பள்ளியறைச் சுவர் முழுக்க ராமாயணம் விரிகிறது. காவியும் பச்சையும் மஞ்சளுமாக இடைவெளியே இல்லாமல் வரைந்திருக்கிறார்கள். அவசரப்படாமல் ஒரு மூலையிலிருந்து தொடங்கிச் சுற்றி வாருங்கள். படம் எடுக்க விடமாட்டார்கள், அதுவும் நல்லதுதான்.

யூத ஆலயம் 1568-ல் கட்டப்பட்டது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அப்படிப் போவதால் ஒரு நன்மை இருக்கிறது. தரை முழுக்கப் பதித்திருப்பது 18-ம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து வந்த ஓடுகள், வெள்ளையில் நீலத்தால் கையால் வரைந்தவை. ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது என்கிறார்கள். அம்மா குனிந்து இரண்டு ஓடுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்: ஒன்றில் மரக்கிளை இடது பக்கம் வளைந்திருந்தது, மற்றதில் இலைகள் குறைவு. வரைந்தவரின் கை களைத்த இடம்கூடத் தெரிகிறது. வெறுங்காலுக்கு அந்த ஓடு அத்தனை குளிர்ச்சி.

வெளியே 1760-ல் எழுப்பிய மணிக்கூண்டின் முகங்களில் எபிரேயம், ரோமன், மலையாளம் என்று வெவ்வேறு எழுத்தில் எண்கள் இருப்பதைப் பார்க்கத் தவறாதீர்கள். இங்கிருந்த யூதர்களில் பெரும்பாலானோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். ‘ஜூ டவுன்’ என்ற தெருப் பெயரும் ஆலயமும் இருக்கின்றன, பெரும்பாலான வீடுகளில் இப்போது பழம்பொருள் கடைகள்.

வழிகாட்டி இல்லாமல் மட்டாஞ்சேரியில் வேறு என்ன பார்ப்பது?

என் மனதுக்கு மிகவும் நெருக்கமானது இந்தப் பகுதிதான், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். கல்வத்தியிலிருந்து பஜார் ரோடு வழியாகத் தெற்கே நடங்கள். ஒரு பக்கம் காயல், இரு பக்கமும் பழைய கிடங்குகள். அரிசி மூட்டை, சுக்கு, மிளகு என்று பத்தடிக்கு ஒரு வாசனை மாறும். கொங்கணிக் கோயில், குஜராத்திகளின் தெரு, கட்ச் பகுதியிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்களான கச்சி மேமன்களின் பள்ளிவாசல், நண்பகல் வாக்கில் புறாக்களுக்குத் தீனி போடுகிற ஜெயின் கோயில் எல்லாமே நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன. கூனன் குரிசுப் பள்ளி என்ற தேவாலயமும் இங்கேதான். 1653 ஜனவரி 3-ல் சிலுவையில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு, போர்த்துகீசியப் பாதிரிமாருக்கு இனி அடங்க மாட்டோம் என்று மலபார் கிறிஸ்தவர்கள் சத்தியம் செய்த இடம்.

மங்காட்டுமுக்கில் காப்பிரி முத்தப்பனுக்கு ஒரு சின்ன இடம் உண்டு. போர்த்துகீசியர்கள் அடிமைகளாகக் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களின் நினைவு அது. டச்சுக்காரர்களிடம் தோற்று ஓடும்போது புதையலோடு இவர்களையும் கொன்று புதைத்துவிட்டுப் போனார்கள், அந்த ஆவிகள் இன்றும் காவல் நிற்கின்றன என்பது ஊர்க்கதை. மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள், சுருட்டு வைக்கிறார்கள். அரண்மனைச் சுவரில் இடம் கிடைக்காதவர்களுக்கு ஊர் ஜனங்கள் தெருமுனையில் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

அப்புறம், ஃபோர்ட் கொச்சியில் ‘வெளி’ என்ற இடத்து மைதானத்துப் பக்கம் இருக்கிற தோபிகானா என்ற சலவைக்கூடம். நாம் கட்டாயம் போக வேண்டிய இடம், ஏனென்றால் அங்கே பேசுவது தமிழ். படைவீரர்களின் உடுப்புகளை வெளுக்கத் தமிழகத்திலிருந்து கூட்டிவரப்பட்ட வண்ணார் சமூகத்தின் வழிவந்தவர்கள் இன்றும் இங்கே கையால் துவைக்கிறார்கள். வரிசையாகத் துவைகல் தொட்டிகள், பின்னால் திறந்த வெளியில் கொடிகள். கொடியில் கிளிப்பே கிடையாது. இரண்டு கயிறுகளை முறுக்கிக் கட்டி, அந்த முறுக்குக்கு நடுவில் துணியின் நுனியைச் செருகிவிடுகிறார்கள், எந்தக் காற்றுக்கும் விழாது. தேய்க்கிற பெட்டியின் கனத்தை அம்மா தூக்கிப் பார்த்துவிட்டு அசந்து போனார். தேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து, “எந்த ஊரும்மா நீங்க?” என்று கேட்டார். நாலு தலைமுறை தாண்டியும் பேச்சில் நம் ஊர் வாடை இருந்தது. அங்கே போனால் வேலையைக் கெடுக்காமல் ஓரமாக நில்லுங்கள், கேட்டுவிட்டுப் படம் எடுங்கள், இரண்டு சட்டை இருந்தால் வெளுக்கக் கொடுங்கள்.

மலையாளம் தெரியாதே, சமாளிக்கலாமா?

தாராளமாக. மெதுவாகத் தமிழில் பேசினால் பெரும்பாலானவர்களுக்குப் புரியும். சேட்டா, சேச்சி என்று கூப்பிட்டுப் பேச்சை ஆரம்பியுங்கள். படகு நேரத்தை மட்டும் இரண்டு பேரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

முசிறிக்குப் போக ஒரு நாள் ஒதுக்க வேண்டுமா?

ஒதுக்குங்கள். யவனர்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய துறையை அகநானூறு ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ என்று சொல்கிறது. அந்த ‘வளங்கெழு முசிறி’ கொடுங்கல்லூர் வட்டாரத்தில்தான் இருந்தது. பட்டணம் என்ற சிற்றூரில் 2007 முதல் நடந்த அகழாய்வில் ரோமானிய மதுச்சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. நேரில் போனால் பெரிய இடிபாடு எதுவும் கண்ணில் படாது, தென்னந்தோப்பும் வீடுகளும்தான். அதை எதிர்பார்த்துப் போய் ஏமாற வேண்டாம்.

ஆனால் வழியெல்லாம் பார்க்க இருக்கிறது. ஃபோர்ட் கொச்சியிலிருந்து வாகனங்களையும் ஏற்றிக்கொள்கிற ரோ-ரோ படகில் வைப்பின் தீவுக்குக் கடந்து வடக்கே போனால், தீவின் கோடியில் 1503-ல் போர்த்துகீசியர் கட்டிய பள்ளிப்புறம் கோட்டை. பரவூரில் பழைய யூத ஆலயம் இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது (திங்கள்கிழமை தவிர்த்துப் போங்கள்). கொடுங்கல்லூரில் சேரமான் ஜும்ஆ பள்ளிவாசல், கண்ணகியோடு சேர்த்துப் பேசப்படும் பகவதி கோயில், சுந்தரர் பாடிய திருவஞ்சைக்களம். மலைநாட்டில், அதாவது கேரளத்தில், தேவாரப் பாடல் பெற்ற தலம் இது ஒன்றுதான். கோயில்களில் ஆண்கள் வேட்டியோடு, சட்டையில்லாமல் போக வேண்டும். இந்த ஒரு நாளைக்குக் கார் வைத்துக்கொள்வது நல்லது, பேருந்து மாறி மாறிப் போனால் பாதிதான் பார்க்க முடியும்.

சாப்பாடு?

மீன் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலையே இல்லை. மதியம் ஊண் கடைகளில் குடம்புளி போட்ட மீன்கறியோடு சோறு. கணவாயை அங்கே கூந்தல் என்பார்கள், வறுவலாகக் கேட்டு வாங்குங்கள். பெரிய உணவகங்களில் மீனை எடைக்கு விலை போடுவார்கள், சமைக்கச் சொல்வதற்கு முன்பே மொத்த விலையைக் கேட்டுவிடுங்கள். சைவர்களுக்கு மட்டாஞ்சேரியின் குஜராத்தித் தெரு கைகொடுக்கும். சாயங்காலம் பழம்பொரியும் சாயாவும்.

வயதானவர்களை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. காலை ஆறரை முதல் பத்து வரை, மாலை நான்குக்கு மேல் என்று நடையை வைத்துக்கொண்டு, நடுப்பகலில் அறையில் ஓய்வெடுக்கட்டும். ஃபோர்ட் கொச்சியில் பெரிய தூங்குமூஞ்சி மரங்களின் நிழல் இருக்கிறது, மட்டாஞ்சேரியில் நிழல் குறைவு, குடை வேண்டும். சில ஆட்டோக்காரர்கள் கமிஷனுக்காகக் கைவினைக் கடைகளில் நிறுத்துவார்கள். ஏறும்போதே கடைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கடலில் குளிக்கலாமா?

ஃபோர்ட் கொச்சியில் வேண்டாம். கரை அரித்துப் போயிருக்கிறது, போதாததற்குக் கப்பல் போகிற வாயும் அதுதான். குளிக்க ஆசையென்றால் முசிறி போகிற அன்று வைப்பின் தீவிலுள்ள செறாய் கடற்கரையில் இறங்குங்கள்.

மிளகு வாங்கினால் நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கொஞ்சம் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். பதரும், கலப்படத்துக்குச் சேர்க்கிற பப்பாளி விதையும் மிதக்கும், நல்ல மிளகு மூழ்கும். பாக்கெட்டில் அழகாகக் கட்டி விற்பதைவிட, ஊர்க்காரர்கள் வாங்கும் பலசரக்குக் கடையில் எடை போட்டு வாங்குவதே மேல்.

துறைமுகம் இப்போதும் இயங்குகிறதா? கப்பல் பார்க்க முடியுமா?

இயங்குகிறது, இடம்தான் மாறிவிட்டது. 1920-ல் வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, வாயை அடைத்திருந்த மணல்திட்டை வெட்டிக் கப்பல் உள்ளே வர வழி செய்தார். தோண்டிய மண்ணைக் கொட்டியே வில்லிங்டன் தீவை உண்டாக்கினார்கள். கன்டெய்னர்கள் 2011 முதல் வல்லார்பாடத்தில் இறங்குகின்றன. சீன வலைக்குப் பக்கத்தில் கரையோரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஏதாவது ஒரு பெரிய கப்பல் கண்ணெதிரே, கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போலக் கடந்து போகும்.

கடைசி நாளுக்கு என்ன வைத்துக்கொள்ளலாம்?

எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம். பிடித்த தெருவில் இன்னொரு முறை நடங்கள், தோபிகானாவில் கொடுத்த சட்டையை வாங்கிக்கொள்ளுங்கள். ஊர் திரும்பும் ரயில் ராத்திரி என்றால், சூரியன் சாய்கிற நேரத்துப் படகைப் பிடியுங்கள். இடது பக்கம் உட்கார்ந்தால் வல்லார்பாடத்தின் பாரந்தூக்கிகளில் விளக்கு எரியத் தொடங்குவது தெரியும். அம்மா பின்பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார், வலைகள் கண்ணை விட்டு மறைகிற வரைக்கும்.